கலாகந்தும் ஓர் எம்.டெக். இடமும்

பத்துப் பேரிடம் யோசனை கேட்டால் பதினோரு பதில் வரும் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டேன். முப்பத்துநான்கு வயதில், கையிலிருக்கும் நல்ல வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருடம் முழுநேரமாக எம்.டெக். உலோகவியல் படிக்கப் போவது புத்தியுள்ளவள் செய்கிற காரியமா? விளையாட்டாக எழுதிய நுழைவுத் தேர்வில் தேறி, கல்லூரிச் சேர்க்கைப் பட்டியலில் என் பெயரும் வந்துவிட்டிருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் இடத்தை உறுதி செய்ய வேண்டும். செய்யாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும்.

கூடப் படித்த தோழி ஒருத்தி, எம்.டெக். முடித்தவள், போனில் சொன்னாள்: "படிச்சுட்டு வந்து அதே நாற்காலியிலதான்டி உக்காந்தேன். குஷன் மட்டும் புதுசா போட்டுக் குடுத்தாங்க." சென்னையிலிருக்கும் சித்தப்பா, படிப்பு என்றைக்கும் வீண் போகாது என்றார். ஐந்து நிமிடம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டு, இருந்தாலும் இந்த வயசில் எதற்கு என்றார். என் மகள் மூன்றாம் வகுப்பு. நாங்கள் தமிழில் பேசுவது அத்தனையும் புரியும், பதில் மட்டும் இந்தியில் வரும். "ஆப்கோ பீ ஹோம்வர்க் மிலேகா?" என்று கேட்டாள். எனக்கும் வீட்டுப்பாடம் கொடுப்பார்கள் என்றதும் விழுந்து விழுந்து சிரித்தாள். அவள் ஒருத்திதான் என் பக்கம் முழுசாக நின்றாள் என்று நினைக்கிறேன்.

என் கணவர் கோயம்புத்தூர்க்காரர், மென்பொருள் கம்பெனியில் வேலை. கல்யாணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் ஹைதராபாத் வந்தார். நானோ திருமுல்கேரியில் பிறந்து வளர்ந்தவள், கொள்ளுத்தாத்தா காலத்திலிருந்து செகந்திராபாத்தான் எங்களுக்கு ஊர். எதையும் நாலு பக்கமும் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் அவர் வாங்குவார், பூசணிக்காய் உட்பட.

"மார்க்கெட்ல இதுக்கு என்ன மதிப்புன்னு பாக்கோணும் அம்மிணி. ரெண்டு வருசம் கழிச்சு இதைவிட நல்ல வேலை கெடைக்கும்னு ஆராச்சும் உறுதி சொல்லுவாங்களா?"

"யாருங்க சொல்லுவாங்க? எனக்கென்ன ஜோசியமா தெரியும்?"

"அப்ப வேலையில இருந்துக்கிட்டே ஆன்லைன்ல படிக்கலாமல்லோ?"

படிக்கலாம்தான். ஆனால் ஆன்லைனில் இரும்பை அறுத்து, மெருகேற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க முடியாது. எனக்கு வேண்டியதே அதுதான். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் என் வேலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

ராமச்சந்திராபுரத்தில் இருக்கும் பெரிய அரசுத் தொழிற்சாலையைச் சுற்றிச் சின்னச் சின்னக் கம்பெனிகள் பல உண்டு. அப்படியொரு தனியார் வார்ப்பாலையில் நான் பரிசோதனைப் பொறியாளர். உருக்கிய எஃகை அச்சில் ஊற்றி வால்வுகளுக்கான உடல்களை வார்ப்பார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது என் பொறுப்பு. வார்ப்பின் மேல் சிவப்புச் சாயத்தைப் பூசி, ஊறவிட்டு, சுத்தமாகத் துடைத்துவிடுவோம். பிறகு வெள்ளைப் பொடியைத் தெளிப்போம். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருக்கும் சாயம் வெள்ளைக்கு மேல் கசிந்து வரும். மெல்ல மெல்ல ஒரு சிவப்புக் கோடு தன்னைத் தானே வரைந்துகொள்ளும். அதைப் பார்க்கும்போதெல்லாம் ஓடிப்போய் யாரையாவது கூட்டிவந்து காட்டுவேன். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

ஆனால் கதை அத்தோடு முடிந்துவிடும். மஞ்சள் பெயிண்டால் பெருக்கல் குறி போட்டுத் தள்ளி வைப்பதோடு என் வேலை சரி. விரிசல் ஏன் வந்தது என்று கண்டுபிடிக்க, அந்தத் துண்டை அறுத்துத் தார்நாகா பக்கம் ஓர் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே யாரோ பார்த்து, யாரோ யோசித்து, யாரோ முடிவு சொல்வார்கள். பாதி சினிமாவில் கரண்ட் போனதுபோல நான் மட்டும் அடுத்த வார்ப்புக்குப் போய்விடுவேன். அந்த யாரோக்கள் எல்லோரும் எம்.டெக். அல்லது அதற்கு மேல்.

பட்டியல் வந்த திங்கட்கிழமை சாயங்காலம், போவதா வேண்டாமா என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், இடம் கிடைத்ததே பெரிய விஷயம் என்று என் கணவர் கலாகந்த் என்கிற பால் இனிப்பு வாங்கி வந்தார். தின்றது போக மிச்சத்தை மறுநாள் மதியச் சாப்பாட்டுக்கு என்று டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டேன். வந்தது வினை.

எங்கள் கம்பெனி பஸ்ஸில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பதவி உயர்வு, குழந்தை பிறப்பு, கிருகப்பிரவேசம் எதுவானாலும் கேன்டீனில் சமோசா வாங்கித் தர வேண்டும். பஸ்ஸில் இனிப்புக் கொடுப்பதற்குக் காரணம் ஒன்றே ஒன்றுதான்: கொடுப்பவர் வேலையை விட்டுப் போகிறார். யார் ஆரம்பித்தார்களோ தெரியாது, நான் சேர்ந்த நாளிலிருந்து அப்படித்தான். பச்சைக் குழந்தையின் படத்தை பஸ் முழுக்கக் காட்டிக்கொண்டு வருபவர்கூட ஒரு சாக்லேட்டை வெளியே எடுக்க மாட்டார்.

எனக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் அன்று காலை என் கால் தரையில் இல்லை. பக்கத்து இருக்கையில் எப்போதும் உட்காரும் டெஸ்பாட்ச் பிரிவு அக்கா, தெலுங்குக்காரர், "என்ன, முகமெல்லாம் பல்லாக இருக்கிறாயே" என்று கேட்டார். பதிலுக்கு நான் டப்பாவைத் திறந்து நீட்டிவிட்டேன்.

அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அப்புறம் மெல்லுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "போதுன்னவா?" என்றார். போகிறாயா என்று அர்த்தம். இல்லை அக்கா, எம்.டெக்.கில் இடம் கிடைத்திருக்கிறது, இன்னும் முடிவு செய்யவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் பின்சீட்டிலிருந்து ஒரு கை நீண்டது. அதன் பின்னால் இன்னொன்று. பாலாநகர் தாண்டும்போது டப்பா காலி. கூகட்பள்ளியில் கணக்குப் பிரிவுக்காரர் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, நான் எவ்வளவு கண்டிப்பான ஆனால் நல்ல மனுஷி என்று பேசினார். மியாபூர் வருவதற்குள் என் ஜன்னலோர இருக்கை யாருக்கு என்று தீர்ப்பாகிவிட்டது. தீர்ப்பில் அக்காவுக்குக் கொஞ்சம் வருத்தம், அது தனக்கு வரும் என்று இருந்தாராம். நான் இல்லை இல்லை என்று சொல்லச் சொல்ல, போகிறவர்கள் எல்லோரும் முதலில் அப்படித்தான் சொல்வார்கள் என்று தட்டிக்கொடுத்தார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது.

மேலாளரும் எங்களைப் போலப் பழைய செகந்திராபாத் தமிழ்க் குடும்பம்தான். அவர் தமிழில் ஹைதராபாத் இந்தி கலந்து வரும்: நக்கோ என்றால் வேண்டாம், ஹவ் என்றால் ஆமாம், கைக்கு என்றால் எதற்கு. நான் மேஜையில் பையை வைப்பதற்குள் கூப்பிட்டனுப்பினார்.

"பஸ்ஸுல மிட்டாய் குடுத்தியாமே? எங்கிட்ட சொல்றது நக்கோவா?"

"சார், இன்னும் முடிவே பண்ணல. எம்.டெக்.குக்கு இடம் மட்டும்தான் வந்திருக்கு."

"போறியா இல்லையா? ஹவ்வா, இல்லையா, அதை மட்டும் சொல்லு."

"தெரியல சார்."

அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "கைக்கும்மா இதெல்லாம்? டெபுடி மேனேஜர் போஸ்ட்டுக்கு உன் பேரைத்தான் எழுதி அனுப்பிருக்கேன். மேலேயும் சரின்னுட்டாங்க. அடுத்த மாசம் சொல்லலாம்னு இருந்தேன். ரெண்டு வருஷம் கண்ணைக் கெடுத்துக்கிட்டுப் படிச்சு வந்தாலும் இதேதான் கிடைக்கப் போவுது. படிக்காமலே கிடைக்குதுன்னா வாங்கி வச்சுக்கயேன்."

பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்பார்களே, அப்படி. வெளியே வந்து படிக்கட்டில் நின்று கணவரைக் கூப்பிட்டேன். "அப்பறம் என்ன, கதை முடிஞ்சுது. படிச்சு வாங்கறத படிக்காமயே வாங்கிப்போட்டே," என்றார். எனக்கும் அது சரியாகவே பட்டது. குழப்பம் தீர்ந்ததில் தலையே லேசானது. எங்கள் கம்பெனியில் அந்தப் பதவிக்கு அதுவரை எந்தப் பெண்ணும் வந்ததில்லை. எல்லோருக்கும் சமோசா வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே பணிமனைக்குப் போனேன்.

அங்கே தாழ்வான மேடையில் ஒரு வால்வு உடல், சாயம் துடைத்துத் தயாராக இருந்தது. நானே பொடியைத் தெளித்தேன். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு கோடு வந்தது. ஆனால் வழக்கமாக வருகிற தடித்த மூலையில் வரவில்லை. விரிசல் விட எந்தக் காரணமும் இல்லாத, வழவழவென்ற நடுப்பகுதியில் வந்தது. வளைந்து, கிளை பிரிந்து, ஓரிடத்தில் திடீரென்று நின்றது. அப்படியொரு விரிசலை நான் பார்த்ததே இல்லை. தரையில் மண்டி போட்டு, டார்ச்சை அடித்து, மூக்கு கிட்டத்தட்ட எஃகில் இடிக்கிற அளவுக்குக் குனிந்துவிட்டேன்.

பின்னால் மேலாளரின் குரல் கேட்டது. எனக்கு வரப்போகும் அறையைக் காட்ட வந்திருந்தார்.

"எழுந்திரும்மா, டிரஸ்ஸெல்லாம் சாயமாவுது. இனிமே இங்கெல்லாம் நீ வரவே வேணாம். மேல ஏசி ரூம். கஸ்டமர் மீட்டிங், ஆடிட்டு, மெயிலு, அவ்வளவுதான்."

"இதை யார் சார் பாப்பாங்க?"

"புதுசா ஆளு போட்டுக்கலாம்."

"இந்தக் கோடு ஏன் சார் இங்க வந்திருக்கு?"

"லேப்புக்கு அனுப்பு. சொல்லுவாங்க."

"சொல்றவங்களும் ஒரு ஆளுதானே சார்? அது ஏன் நானா இருக்கக் கூடாது?"

இதைத் திட்டம் போட்டெல்லாம் சொல்லவில்லை. மண்டி போட்டபடியே, கையெல்லாம் வெள்ளைப் பொடியோடு சொன்னேன். சொல்லி முடித்ததும்தான் எனக்கே விளங்கியது. எம்.டெக். என்ன பதவி வாங்கித் தரும் என்றே நேற்றிலிருந்து எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தேன். பதவி இதோ படிக்காமலே வந்து நிற்கிறது. வந்த பிறகும் என் கண் இந்தக் கோட்டின் மேல்தான் இருக்கிறது. அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, பயமாகவும் இருந்தது.

"நான் போறேன் சார்."

அவர் மேடையிலிருந்த துணியை எடுத்து என்னிடம் நீட்டினார். "திரும்பி வந்தா அந்த ரூம் இருக்காதும்மா," என்றார். மிரட்டலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னார்.

"தெரியும் சார்."

சாயங்காலம் வீட்டில் என் கணவர் புது டெபுடி மேனேஜரை எதிர்பார்த்துக் கதவைத் திறந்தார். செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டேன். சோபாவில் உட்கார்ந்துவிட்டார். இனி இரண்டு வருடம் அவர் ஒருவர் சம்பளத்தில்தான் வீடு ஓட வேண்டும். அவருக்கும் அது பயம்தான், முகத்தில் தெரிந்தது. அந்தச் சிவப்புக் கோட்டைப் பற்றிச் சொன்னேன். அது எங்கே ஆரம்பித்தது, எங்கே கிளை பிரிந்தது, எப்படி நின்றது என்று கையால் காற்றில் வரைந்தே காட்டினேன். பொறுமையாகக் கேட்டார்.

"செரி. அது ஏன் வந்துச்சுன்னு தெரிஞ்சுக்கிட்டா பெரிய வேலை கெடைக்குமா?"

"தெரியாதுங்க."

"இந்தக் கம்பெனியிலயாச்சும் திரும்ப எடுப்பாங்களா?"

"அதுவும் தெரியாது."

"உனக்கு என்னதான் அம்மிணி தெரியும்?"

"அந்த ஏசி ரூம்ல உக்காந்தேன்னா தினமும் வீட்டுக்கு வந்து உங்க மேல எரிஞ்சு விழுவேன். அது மட்டும் நல்லாத் தெரியும்."

அவர் சிரிக்கவில்லை. தலையைச் சாய்த்து என்னை ஒரு பார்வை பார்த்தார், இந்தப் பூசணிக்காயை வாங்கலாமா என்று பார்க்கிற அதே பார்வை. பிறகு எழுந்துபோய் மடிக்கணினியை எடுத்து வந்து, கல்லூரியின் பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பி வைத்தார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் எதுக்கு? அதுக்குள்ள நான் மனசு மாறிப்போட்டன்னா என்ன பண்ணுவே?"