எட்டு மணி நேரம் என்று எழுதிய யஸ்னா

லா செரேனா நகர வானியல் அலுவலகத்தில் யஸ்னாவுக்குப் பதினோரு வருஷமாக ஒரே வேலை. ஒரு கோள் தன் நட்சத்திரத்தின் முகத்தைக் கடக்க எத்தனை மணி நேரம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு, மலை மேலிருக்கும் தொலைநோக்கி நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். கோள் கடக்கும்போது நட்சத்திரம் லேசாக மங்கும்; அத்தனை நேரம்தான் தொலைநோக்கி அந்தப் பக்கம் பார்க்கும். பிறகு அடுத்த ஆளின் முறை. கணக்கு ஒன்றும் மாயமந்திரமில்லை. பாதையின் நீளத்தை ஒரு சுற்றுக்கு ஆகும் காலத்தால் வகுத்தால் வேகம். நட்சத்திரத்தின் அகலத்தோடு கோளின் அகலத்தையும் கூட்டி, அந்த வேகத்தால் வகுத்தால் நேரம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அந்தத் திமிர்தான் அவளைக் கவிழ்த்தது.

நாலு வருஷத்துக்கு ஒருமுறை கடக்கும் கோள் ஒன்றுக்கு எட்டு மணி நேரம் என்று எழுதி அனுப்பினாள். மலையில் தொலைநோக்கியை இயக்கியவர் நோல்பெர்தோ. போன தடவை அந்த நட்சத்திரம் மங்கியதை முதலில் கவனித்தவரே அவர்தான். எட்டு மணி நேரம் முடிந்தும் மங்கல் விலகாததால் போன் செய்தார். அவளைச் செல்லமாக யஸ்னிதா என்பார்; அவள் அவரை மரியாதையாகத் தோன் என்பாள்.

"யஸ்னிதா, இன்னும் வெளிச்சம் ஏறலையே. கொஞ்சம் பொறுக்கட்டுமா?"

"கணக்கெல்லாம் சரியாத்தான் இருக்கு, தோன் நோல்பெர்தோ. மேகம் கீகமா இருக்கும். தொலைநோக்கியை அடுத்த பக்கம் திருப்பிடுங்க" என்று கொட்டாவியோடு சொல்லிவிட்டாள்.

அவர் திருப்பினார். கோள் வெளியேறியது பதிவாகவில்லை. பாதிப் பதிவை வைத்துக்கொண்டு எதையும் நிரூபிக்க முடியாது. மங்கல் கண்ணெதிரே இருக்கும்போது ஏன் திருப்பினீர் என்று நோல்பெர்தோவை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். போன் செய்ததை அவர் வாய் திறந்து சொல்லவில்லை.

யஸ்னாவும் சொல்லவில்லை. இரண்டாம் நாள் அந்தக் கோளின் கோப்பைப் புரட்டினாள். மூன்றாம் பக்கத்திலேயே இருந்தது: பாதை வட்டமில்லை, நீள்வட்டம். கோள் கடந்த இடம் நட்சத்திரத்துக்கு மிகத் தொலைவான முனை. அங்கே அது மெதுவாகத்தான் நகரும். இவளோ சராசரி வேகத்தால் வகுத்திருக்கிறாள். வட்டம் என்று வைத்துக்கொண்டால் வேலை சுலபம், வைத்துக்கொண்டாள். மறுபடி கணக்குப் போட்டபோது கிட்டத்தட்ட பத்து மணி நேரம் வந்தது. அவமானத்தில் காது சுட்டது. அப்போதும் அன்று முழுக்க பயந்து சும்மா இருந்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

மூன்றாம் நாள் இயக்குநரிடம் போனாள். "தப்பு என்னோடது. அவரு போன் பண்ணிக் கேட்டாரு. நான்தான் திருப்பச் சொன்னேன்."

நோல்பெர்தோவை மறுபடி வேலைக்கு அழைத்தார்கள். அன்று சாயங்காலமே அவர் வீட்டுக்குப் போனாள்.

"போன் பண்ணினதை ஏன் நீங்க சொல்லல?"

"நீயே சொல்லுவேன்னு இருந்தேன். ஒரு நாள் பிடிக்கும்னு கணக்குப் போட்டேன். மூணு நாள் ஆக்கிட்ட. என் கணக்கும் தப்பு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அவர் தேநீர்க் கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார்.

"அது திரும்ப எப்ப வரும்?"

"நாலு வருஷம் கழிச்சு. அந்தத் தடவை மணிக்கணக்கைச் சரியா எழுதித் தர்றேன்."

"எழுதி என் இடத்துக்கு வர்றவன்கிட்ட குடு" என்றார் நோல்பெர்தோ. "எனக்கு அடுத்த வருஷம் ஓய்வு."