தராசுக்கு முன்னால் சோமாரி

மேனேஜர் ஐயா, கிரீச்சில் குழந்தைகளின் வாயை அடைத்தது நீங்கள்தான்.

குன்னூர் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் கிரீச்சில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். இனிமேல் இந்த வேலைக்கு வரும் பெண்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன். அழகாக எழுத வராது.

1. டப்பா வந்தது

கைக்குழந்தைக்காரிகள் கொழுந்து பறிப்பதற்கு இடையில் கிரீச்சுக்கு வந்து பால் கொடுப்பார்கள். கூழோ பருப்புச் சோறோ ஊட்டிவிட்டுப் போவார்கள். அதற்குப் பால் நேரம் என்று பெயர். பறிக்கும் நேரம் வீணாகிறது என்று மேனேஜர் அதை நிறுத்தினார். பதிலுக்கு மாவு டப்பாவும் பாட்டிலும் பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. டப்பாவின் முன்னால் கொழுகொழுவென்று ஒரு குழந்தை. பின்னால், பொடி எழுத்தில், என்னென்ன சேர்த்திருக்கிறது என்ற பட்டியலில் மாவுக்கு அடுத்ததாகச் சர்க்கரை.

"சார், ஆறு மாசம் தாண்டுன குழந்தைக்குத் தாய்ப்பாலோட, கெட்டியா மசிச்சுக் கரண்டில ஊட்டோணும்னு ஆஸ்பத்திரி நர்ஸம்மா சொல்லியிருக்காங்க. சர்க்கரையே வேண்டாம்னாங்க" என்றேன்.

"வயிறு நெறையுதுல்ல? அழுகாம தூங்குதுல்ல? அப்புறம் உங்களுக்கு என்னங்கம்மா கஷ்டம்?"

"எனக்கு ஒரு கஷ்டமும் இல்லீங்க சார். அதுதான் தப்பு."

"பேச்சு நல்லா வருது. போய்ப் பாட்டிலைக் கழுவுங்க."

2. சத்தம் போனது

சோமாரி, ஜார்க்கண்டிலிருந்து கொழுந்து பறிக்க வந்த பூல்மணியின் மகள். ஒன்பது மாதம். பால் நேரம் இருந்தபோது பூல்மணி ஒரு கரண்டி ஊட்டிவிட்டுத் தன் ஊர்ப் பேச்சில் ஏதோ கேட்பாள். கேட்டுவிட்டுக் காத்திருப்பாள். சோமாரி "பப்பப்பா" என்று பதில் சொல்வாள். முடிக்கும்வரை பூல்மணி குறுக்கே பேச மாட்டாள். பிறகு மறுபடி இவள் முறை. ஒரு வார்த்தைகூட இல்லாமல் ஒரு பெரிய பஞ்சாயத்தே நடக்கும்.

எத்தனையோ குழந்தைகளிடம் இதைப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும் கைவேலையை விட்டுவிட்டு நின்றிருக்கிறேன். பேச்சு வருவதற்கு முன்பே, எப்போது பேசுவது, எப்போது அடுத்தவரைப் பேச விடுவது என்று குழந்தைக்குத் தெரிகிறது. மேனேஜருக்கு இன்னும் தெரியவில்லை.

பாட்டில் வந்தபின் குழந்தைகள் மல்லாந்து படுத்து உறிஞ்சின, தூங்கின. என் வாயும் உதவிக்கு இருந்த பெண்ணின் வாயும் எத்தனை குழந்தைக்குப் போதும்? சோமாரி கூரையைப் பார்த்தபடி கிடந்தாள். பப்பப்பா குறைந்தது, பிறகு நின்றே போனது.

பூல்மணி என் கையைப் பிடித்தாள். "ஆயாம்மா, பாப்பா பேச்சு இல்லே. காது போச்சா?"

நர்ஸம்மா வந்து சோதித்தார். காது நன்றாகத்தான் இருந்தது. "பதில் சொல்ல எதிர்ல ஆள் வேணுமில்ல ஆயாம்மா?" என்றார்.

3. நிறுவை வரிசை

கிரீச்சுக்குக் கீழேதான் கொழுந்து நிறுக்கும் தராசு. மூட்டையைப் போட்டுவிட்டுப் பெண்கள் வரிசையில் சும்மா நிற்கும் நேரம் அது. நானும் உதவிக்கு இருந்த பெண்ணும் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு, ராகிக் கூழும் மசித்த கேரட்டுமாக இறங்கினோம்.

தராசு கிளார்க் தங்கவேலு சிரித்தான். "ஏனுங்க ஆயாம்மா, இதையும் நிறுக்கோணுமா?"

"நிறுத்துக்கோ சாமி. ஈரம்னு சொல்லி எடையில கழிச்சுராதே!"

ஈரக் கொழுந்து என்று தினமும் எடை கழிக்கப்பட்டு வயிறெரிந்திருந்த வரிசை முழுக்கச் சிரித்தது.

தினமும் இறங்கினோம். முன்னால் நின்றவள் படுக மொழியில் கொஞ்சினாள், பின்னால் நின்றவள் தமிழில் கொஞ்சினாள், பூல்மணி தன் பேச்சில் பேசிக்கொண்டே ஊட்டினாள். சோமாரி கூழை நாக்கால் தள்ளினாள், இழுத்தாள், மென்றாள். பேசுகிறவர்களின் உதட்டையே உற்றுப் பார்த்தாள். ஒரு உதடு நின்றதும் அடுத்த உதட்டுக்குப் போனாள். பப்பப்பா திரும்பி வந்தது.

தங்கவேலு ஒவ்வொரு மூட்டைக்கும் "போடு!" என்று கத்துவான். ஒருநாள் அவன் தும்முவதற்காக நிறுத்தினான். அடுத்த மூட்டை தராசுக்கு அருகே வந்துவிட்டது. பூல்மணியின் இடுப்பிலிருந்து வந்தது: "ப்போ!"

மூட்டைக்காரி டமாலென்று போட்டாள்.

"அடப்பாவி, என் வேலைக்கு ஆள் வந்தாச்சுங்களே!" என்றான் தங்கவேலு. பூல்மணி சிரித்தாள், அழுதாள், சோமாரியின் கூழ் அப்பிய வாயில் முத்தமிட்டாள்.

யாரும் உட்கார்ந்து அவளுக்குச் சொல்லித் தரவில்லை. மூட்டை வருகிறது, சத்தம் வருகிறது, இரண்டையும் அந்தச் சின்னத் தலை தானாகவே சேர்த்துக் கட்டியிருக்கிறது. அன்றைக்கு நான் பார்த்ததைவிடப் பெரிய விஷயம் எதையும் இந்த மலையில் நான் பார்த்ததில்லை.

இனி ஆயாவாக வரும் பெண்களே, கரண்டியை எடுக்கும்போது வாயையும் திறங்கள். பேசிவிட்டுக் காத்திருங்கள். பதில் வரும்.

நான் ஓய்வு பெற்றதும், நிறுவை இடத்துக்குக் குழந்தைகள் வரக்கூடாது என்று உத்தரவு போட்டீர்கள், மேனேஜர் ஐயா. லாரி வருகிற இடம், ஆபத்து என்கிறீர்கள். சரி, ஒப்புக்கொள்கிறேன். அப்படியானால் பால் நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். கொடுக்க முடியாது என்றால் அதை ஆபீஸ் கதவைச் சாத்திக்கொண்டு சொல்லாதீர்கள். காலை மஸ்டரில், ஆள் கணக்கு எடுக்கும்போது, பூல்மணியும் மற்றத் தாய்மாரும் எதிரில் நிற்க, எல்லார் காதிலும் விழும்படி சொல்லுங்கள். சொல்லிவிட்டு இதற்கும் பதில் சொல்லுங்கள்: நாள் முழுக்கக் கூரையைப் பார்த்துக் கிடக்கும் குழந்தை யாரிடம் பேச வேண்டும்?