லோஞ்ச் ஓடாத நாட்களில்

எங்களுக்குப் பிள்ளை இல்லை. மூதூரில், பிரசவத்தில் தாயை இழந்த ஒரு பெண் குழந்தையைத் தத்தெடுத்துக்கொண்டு, நானும் கணவரும் திருகோணமலைக்குத் திரும்ப இறங்குதுறைக்கு வந்தோம். கடல் கொந்தளிப்பதால் லோஞ்ச் படகு ஓடாது என்றார்கள். மத்தியானமே வீட்டில் நிற்கலாம் என்று நம்பி ஒரு போத்தல் பால்தான் கரைத்து வைத்திருந்தேன். அதுவும் புளித்துப்போயிருந்தது. குழந்தை வீரிட்டு அழுதது.

பக்கத்தில் மகனை மடியில் வைத்திருந்த ஒரு முஸ்லிம் பெண், "தாய்ப்பாலைக் குடுங்களன்" என்றார்.

ஊரில் எல்லோருக்கும் நான் பெற்றதாகவே சொல்ல நினைத்திருந்தேன். ஆனால் பிள்ளை பசியில் துடிக்கும்போது பொய் வரவில்லை. "இது நான் பெத்த பிள்ளையில்லை" என்றேன்.

அவர் அருகில் நின்ற தன் கணவரைப் பார்த்தார். கணவர் தலையசைத்தார். அந்தப் பெண் முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு என் பிள்ளையை வாங்கினார்.

"விளங்கித்தான் குடுக்கிறன், தங்கச்சி. எங்கட மார்க்கத்தில ஒரு தாயிட பாலைக் குடிச்சு வளந்தா கூடப்பிறந்த மாதிரி. இனி இவன் இவளுக்கு அண்ணன், எங்கட பேச்சில நானா. நாளைக்கு ரெண்டு பேருக்கும் கலியாணம் பேச ஏலாது."

கடல் அடங்கும்வரை எங்களைத் தன் வீட்டில் தங்கவைத்து, இரண்டு பிள்ளைகளுக்கும் பாலூட்டினார். பெற்றவளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் யாரிடமும் எதையும் மறைக்கவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் அவர்கள் வீட்டுக்குப் போக மகளோடு லோஞ்ச் ஏறுகிறேன். "ஒரே பிள்ளையோ?" என்று கேட்பவர்களுக்கு இப்போது அவளே பதில் சொல்கிறாள்:

"இல்லை, எனக்கு மூதூரில ஒரு நானா இருக்கிறார்."