உமி போன வழி

மார்த்தாளிடம் வதந்தி சொல்வது சிரமம். சொல்லி முடிப்பதற்குள், "நீ பாத்தியா, கேட்டியா?" என்பாள். கேட்டதென்றால், "அப்ப பாத்தது யாரு?" என்பாள். உத்திரமேரூர் ஏரிப் பாசனத்தில் அவளோடு களையெடுக்கும் பெண்களுக்கு இது எரிச்சல்தான். ஆனால் அவள் வராத நாளில் பொழுதே போகாது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தொன்பதில் சம்பா கதிர்விடும் சமயம், பஞ்சாட்சரத்தின் கழனி தினமும் விடிந்தால் வற்றிக் கிடந்தது. அடுத்த பள்ளக் கழனி ததும்பி நின்றது. அதை விளைச்சலில் பங்கு தருவதாக வாரத்துக்குப் பயிரிட்டவன் முனியனின் மச்சான். முனியனோ, ஏரித் தண்ணீரைக் கழனி கழனியாகத் திருப்பிவிடும் நீர்க்கட்டி. ஊருக்கு வேறென்ன வேண்டும்? மச்சானுக்காக இரவில் வரப்பை வெட்டிவிட்டு விடிவதற்குள் அடைக்கிறான் என்று முடிவு கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடி அவன் வேலையைப் பிடுங்குவதாகப் பேச்சு.

மார்த்தாளுக்கும் அது இனித்தது. போன அறுப்பில் எல்லோர் முன்னாலும் அவளை "வக்கீலம்மா" என்று கேலி செய்தவன் அவன். ஆனால் இனித்ததே அவளை உறுத்தியது. தனக்குப் பிடித்த செய்தியைத்தான் அவள் இன்னொரு முறை புரட்டிப் பார்ப்பாள்.

வரப்பு நெடுக நடந்தாள். வெட்டி அடைத்திருந்தால் புதுமண் தெரிய வேண்டும். எங்கும் பழைய புல்தான்.

"தண்ணி கட்டச் சொல்லுங்க நைனா" என்றாள் பஞ்சாட்சரத்திடம். தண்ணீர் நிறைந்ததும் மடியிலிருந்த உமியை வரப்போரமாகத் தூவினாள். ஒரு மூலையில் உமி சுழன்று உள்ளே இறங்கியது. சற்று நேரத்தில் பள்ளக் கழனியில் மிதந்தது. புல்லுக்கடியில் நண்டு வளை.

பஞ்சாட்சரம் தலையைச் சொறிந்தார். "நண்டுக்குமா அங்க மச்சான் கீறான்?"

"அடைச்சிட்டுப் பாருங்க நைனா. நாளைக்கும் வத்திச்சினா முனியனக் கேளுங்க."

நண்டைப் பிடித்து, களிமண்ணால் வளையை மிதித்து அடைத்தாள். மறுநாள் காலையில் தண்ணீர் கணுக்கால் அளவு அப்படியே நின்றது. ஞாயிற்றுக்கிழமை ஊர் கூடவில்லை.

தோளில் மண்வெட்டியோடு முனியன் அவளைத் தேடி வந்தான்.

"என்னக் காப்பாத்தவா போன?"

"உன்ன மாட்டிவுடத்தான் போனேன். உமி வேற வழியா போச்சு, நான் இன்னா பண்றது?"

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பீசு எவ்ளோ, வக்கீலம்மா?"

"எங்க வூட்டுக் கொழம்புல கொதிச்சிக்கினு கீது. போய் மடையப் பாரு."