கார்டு மாட்ட வந்தவர்

எடமலைப்பட்டி புதூர் அரிசி மில்லில் நான் கூட்டுகிற வேலை பார்க்கிறேன். மோட்டார் ஓடுவதை முதலாளி போனிலேயே பார்க்கணுமாம். அதற்காக மோட்டாரை ஓட்டும் பெட்டிக்குள் ஒரு கார்டு மாட்ட கம்பெனியிலிருந்து ஒருவர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, சென்ட் வாசனை. ஆனால் ஸ்க்ரூடிரைவரால் காதைக் குடைந்து, அழுக்கைச் சுவரில் தடவினார்.

மெயினை அணைத்ததும் எங்கள் எலக்ட்ரீஷியனிடம், "மூடியைக் கழட்டி கார்டை மாட்டுங்க" என்றார்.

"பத்து நிமிஷம் பொறுக்கணும் சார். உள்ள கரண்ட் நிக்கும், தொட்டா ஆளைத் தூக்கிடும்."

"அதான் உங்களை மாட்டச் சொல்றேன். எனக்குக் குழந்தைங்க இருக்கு."

"எனக்கும் ரெண்டு இருக்கு சார்" என்று எலக்ட்ரீஷியன் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

பத்து நிமிஷம் கழித்து, வந்தவரேதான் கார்டை மாட்டினார். கிளம்பும்போது என்னிடம், "வரேம்மா, உடம்பைப் பார்த்துக்குங்க" என்றார். நல்ல மனுஷர் பேசுகிற மாதிரியே இருந்தது. யாரிடம் பேசவும் எனக்குக் கூச்சம்தான். ஆனால் அன்றைக்கு நான் பதில் சொல்லாதது கூச்சத்தால் இல்லை.