பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர்

எழுபதுகளின் கடைசியில் எங்கள் குடாநாட்டுத் திருநெல்வேலியில் இருந்த பல்கலைக்கழக வளாகத்தில் வணிகம் கற்பித்துக்கொண்டிருந்தேன். கம்பனிகள் தாம் இருக்கும் ஊருக்கு என்ன செய்கின்றன என்று ஓர் ஆய்வு. பன்னிரண்டு கேள்விகளோடு சண்டிலிப்பாய்ப் பக்கம் துணி தோய்க்கும் சவர்க்காரம் செய்யும் ஒரு தொழிற்சாலைக்குப் போனேன்.

கோயிலுக்குக் கொடுத்த மணியையும் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த அலுமாரியையும் பற்றி முதலாளி சொல்லிக்கொண்டிருந்தபோது இயந்திரச் சத்தம் நின்றது. வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மன் உள்ளே வந்தார். கட்டையான மனிதர். சவர்க்காரம் காய்ச்சும் காரம் அரித்து முழங்கைவரை வெளிறிய கைகள். கையில் ஒரு செம்புத் தண்ணீர். தினமும் காலையில் மதிலுக்கு அப்பால் உள்ள வீட்டுக் கிணற்றில் அள்ளி, ஒரு வாய் குடித்துப் பார்ப்பது அவர் வழக்கமாம். எங்கள் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இங்கே ஊற்றுகிற கழிவு அங்கேதானே போய் ஊறும்!

“ஏன் மிசினை நிப்பாட்டினனீர்?” என்றார் முதலாளி.

“தண்ணி கைக்குது, முதலாளி. கழிவுத் தொட்டி எங்கையோ வெடிச்சு ஒழுகுது.”

“அதை நாளைக்குப் பாப்பம். ஓடர் குடுக்கக் கிடக்கு. இப்ப மிசினைப் போடும்.”

“ஓம், போடுறன். முதல்ல நீங்கள் இதிலை ஒரு வாய் குடியுங்கோ.”

குரலை உயர்த்தாமல் செம்பை மேசையில் வைத்தார். முதலாளி செம்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தொடவில்லை. நானும்தான் தொடவில்லை. அன்று மிசின் ஓடவேயில்லை.

வளாகத்துக்குத் திரும்பியதும் பதின்மூன்றாவது கேள்வியைச் சேர்த்தேன்: ‘பக்கத்துக் கிணற்றுத் தண்ணீரை நீங்கள் குடிப்பீர்களா?’

பிறகு போன கம்பனிகளில் எல்லாம் முதலாளிமார் மற்றப் பன்னிரண்டுக்கும் பக்கம் பக்கமாக எழுதித் தந்தார்கள். அந்த ஒன்றுக்கு மட்டும் வெறும் இடம்தான் திரும்பி வந்தது.