கலாநிதியை வேட்பாளராக்கிய கதை

நான் கேர்டேக்கராக இருக்கும் பள்ளிக்கூடத்தின் சாவிகள் எல்லாம் என் இடுப்பில்தான் தொங்கும். வேலை முடிந்து லண்டன் செவன் கிங்ஸில் வீட்டு வாசலுக்கு வரும்போதே என் மனைவிக்குக் கேட்டுவிடும். "ரஷ்யாவில படிச்ச இஞ்சினியர் வாறார், சத்தம் கேக்குது" என்பாள்.

அவள் சொல்வது பொய்யில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து புலமைப்பரிசிலில் சோவியத் நாட்டுக்குப் போய் சிவில் இஞ்சினியரிங் படித்தவன் நான். என்னுடைய சான்றிதழில் சீல் குத்திய நாடு, அந்த மை காய்வதற்குள் இல்லாமல் போய்விட்டது. லண்டனில் அதைப் பல இடங்களில் காட்டினேன். அட்டை நல்ல வடிவாக இருக்கிறது என்றார்கள். பிறகு பெற்றோல் ஸ்டேஷன், பேக்கரி, கடைசியில் இந்தச் சாவிகள். படிப்பில் மிஞ்சியது ரஷ்ய மொழி ஒன்றுதான். அதில் எனக்குள்ள கர்வம் கொஞ்சநஞ்சமல்ல.

விஞ்ஞானக் கட்டடத்தைக் கிளீன் பண்ண, சோவியத்திலிருந்து பிரிந்த மொல்டோவா நாட்டுப் பெண் ஒருவர் வந்தார். என் வயதுதான். ஒருநாள் இறுகிப்போன பூட்டு ஒன்றோடு மல்லுக்கட்டிக்கொண்டு ரஷ்ய மொழியில் அதை ஏசினேன். பின்னாலிருந்து ஒரு குரல், அந்த ஏச்சில் இருந்த இலக்கணப் பிழையைத் திருத்தியது. அப்படித்தான் எங்கள் சிநேகிதம் தொடங்கியது. அவர் ரஷ்ய மொழியில் சொல்வதெல்லாம் என் தலைக்குள் யாழ்ப்பாணத் தமிழாகத்தான் விழும். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன்.

தேநீர் இடைவேளை ஒன்றில் தன் வேலைப் புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டினார். சோவியத் நாட்டில் வேலை செய்த எல்லோருக்கும் அப்படி ஒரு சின்னப் புத்தகம் இருந்தது. சேர்ந்த வேலை, விட்ட வேலை எல்லாவற்றையும் எழுதிச் சீல் குத்துவார்கள். அவருடைய முதல் வரி, பதினெட்டு வயதில் ஆய்வுகூட உதவியாளர். அதன்பின் இளநிலை ஆய்வாளர், முதுநிலை ஆய்வாளர். இடையில் இரசாயனவியலில் பெரிய பட்டமும் வாங்கியிருந்தார். அதற்குப் பிறகு வெறும் தாள்.

"இதுக்குப் பிறகு?" என்று கேட்டேன்.

"இதுக்குப் பிறகு சம்பளத்துக்குப் பதிலாச் சீனி தந்தவை. சந்தையில சுவெட்டர் வித்தன். இத்தாலியில ஒரு கிழவரைப் பராமரிச்சன். இஞ்ச நிலம் துடைக்கிறன். இதுக்கெல்லாம் ஆர் சீல் குத்துறது?"

அவர் ஆய்வாளராக இருந்த நிறுவனத்தின் நிர்வாகி, நாடு உடைந்த குழப்பத்தில் கட்டடத்தையே தன் பெயருக்கு மாற்றி ஹோட்டலாக்கிவிட்டாராம். "அவரிட்டச் சாவி இருந்தது, என்னட்டப் பட்டம் இருந்தது" என்று சிரித்தார். நான் என் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். இவ்வளவு சாவி இருந்தும் எனக்கு ஒரு ஹோட்டல் வரவில்லை.

அந்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு லாப் டெக்னீஷியன் தேவை என்று விளம்பரம் வந்தது. அவர் அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டே திரிந்தார். "பென்ஷன் எடுக்க முந்தி ஒருக்காவாவது குடுவையைத் துடைக்காமல் குடுவைக்குள்ள எதையாவது ஊத்தவேணும்" என்றார். அவர் அதற்கு எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அவருடைய பட்டத்தை ஆங்கிலத்தில் எழுதவேண்டும். வெளியே கொடுக்க நான் விடவில்லை. நான் எதற்கு இருக்கிறேன்? ரஷ்ய மொழியில் அந்தப் பட்டத்தின் பெயர் 'கந்திதாத் நாவுக்'. சொல்லுக்குச் சொல் பார்த்தால் 'விஞ்ஞானங்களின் வேட்பாளர்'. அங்கே அது நம்முடைய கலாநிதிப் பட்டம், பிஎச்.டி.தான். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டும், மொழிபெயர்ப்பென்றால் சொல்லைத் தொடக்கூடாது என்று ஒரு வீறாப்பு. 'இரசாயனவியல் கான்டிடேட்' என்று அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. இம்முறை தேர்வாகவில்லை, படிப்பை முடித்த பிறகு மீண்டும் விண்ணப்பிக்கலாம் என்று அன்பாக எழுதியிருந்தார்கள். அவர் அதை மூன்று தரம் வாசித்தார்.

"முப்பது வருசமா நான் சோதினை பாஸ் பண்ணேல்லை எண்டு நினைச்சிருக்கினம்" என்றார்.

எனக்கு என்ன நடந்தது என்று உடனே விளங்கிவிட்டது. கான்டிடேட் என்றால் ஆங்கிலத்தில் இன்னும் பட்டம் வாங்காத ஆள். வீட்டுக்கு வந்து மனைவியிடம்தான் சொன்னேன். அவள் கவுன்சிலில் ஆட்களை வேலைக்கு எடுக்கும் பகுதியில் இருக்கிறாள். முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "எலெக்‌ஷனில நிக்கிற ஆள் எண்டு நினைக்காமல் விட்டினமே" என்றாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "அந்த மனுசிக்கு வேலை வேணும். உங்களுக்கு உங்கட ரஷ்யனைக் காட்டவேணும். அதுதானேப்பா நடந்தது?"

அடுத்த நாள் காலை மொப் வாளிக்குப் பக்கத்தில் நின்று அவரிடம் பிழையை ஒப்புக்கொண்டேன். அவர் கோபிக்கவில்லை. கோபித்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"உங்கட பாஷையில கந்திதாத்துக்கு என்ன சொல்லு?"

"வேட்பாளர்."

"வெட்பலர்" என்று சொல்லிப் பார்த்தார். அன்றிலிருந்து என்னைக் கண்டால், "வெட்பலர் வந்திட்டுது, கதவைத் திறவுங்கோ" என்பார். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சுருக்கென்று குத்தும்.

வேலைக்கு எடுத்த ஆள் ஒரு பள்ளித் தவணையோடு விட்டுவிட்டுப் போக, அதே விளம்பரம் திரும்ப வந்தது. இந்தமுறை விடுவேனா? 'டொக்டர்' என்று கொட்டை எழுத்தில் டைப் பண்ணி மனைவியிடம் காட்டினேன்.

"இவ்வளவு படிச்ச ஆளைக் கூப்பிடமாட்டினம்" என்றாள். "பயந்துபோடுவினம். இவ நிக்கமாட்டா எண்டு ஒதுக்கி வைப்பினம். நான் தினமும் பாக்கிறன்."

படிப்பு குறைவென்று ஒருமுறை, கூடவென்று ஒருமுறை. எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மொல்டோவாக்காரருக்கு வரவில்லை. வேலைப் புத்தகத்தை எடுத்து முதல் வரியில் விரலை வைத்தார்.

"இதை மட்டும் எழுதுங்கோ."

"மிச்சம்?"

"மிச்சம் வீட்ட இருக்கட்டும். அதுக்குப் பசிக்காது."

ஆய்வுகூட உதவியாளர் என்று எழுதினேன். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. ஆனாலும் என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பொய்யை நான் எழுதியதில்லை. நேர்முகத்தில், அமிலத்தை எப்படித் தண்ணீரில் கலப்பது என்று கேட்டார்களாம். "தெரிஞ்சதில கால்வாசிதான் சொன்னன்" என்றார். வேலை கிடைத்தது.

தவணை தொடங்கிய அன்று, முழங்காலுக்குக் கீழே தொங்கும் வெள்ளைக் கோட்டோடு வந்து கிளீனிங் அறைச் சாவியைத் திருப்பித் தந்தார். லாப் சாவி கொடுக்கவேண்டும். அதற்கு ஒரு பதிவுக் கொப்பி இருக்கிறது. பதவி என்ற இடத்தில் பேனையை வைத்துக்கொண்டு, "என்னெண்டு எழுத?" என்றேன்.

"வெட்பலர்."

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"பதினெட்டு வயசு வேலைக்கு ஐம்பத்தெட்டு வயசில வந்திருக்கிறன். இப்ப அதுதான் சரியான சொல்லு." கோட்டின் கையை மடித்துவிட்டுக்கொண்டு கேட்டார். "அது சரி, உங்கட முதல் வரி என்ன?"

ஏதாவது பகிடியாகச் சொல்லலாம் என்று பார்த்தேன். இஞ்சினியராக நான் ஒரு நாள்கூட வேலை செய்ததில்லை. அவரைப்போலக் கீழே இறங்கித் திரும்பிப் போவதென்றாலும், போய் நிற்க எனக்கு ஒரு வரி இல்லை. அவர்மேல் பொறாமையாக இருந்தது, ஒளிக்க என்ன இருக்கிறது?

கொப்பியில் 'டெக்னீஷியன்' என்று எழுதி, வளையத்திலிருந்து லாப் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன். அவர் போய்க் கதவைத் திறந்தார். அது நான் தினமும் திறக்கிற கதவுதான்.